தரங்கம்பாடி லுத்தரன் சபை: வாசிக்கச் சொன்ன விசுவாசம்

‘கொலை செய்யாதிருப்பாயாக’ என்பது எத்தனையாவது கட்டளை? ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பிள்ளையிடம் கேட்டால் ஆறாவது என்று சொல்லும். தரங்கம்பாடியிலோ பொறையாற்றிலோ லுத்தரன் ஞாயிறு பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள், ஐந்தாவது என்று சொல்லும். இரண்டு பிள்ளைகள் கையிலும் இருப்பது ஒரே வேதாகமம்தான். இரண்டு பேர் சொல்வதும் சரிதான்.

யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில் வசனங்களுக்கு எண் உண்டு, கட்டளைகளுக்கு எண் கிடையாது. எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்பதை ஒவ்வொரு மரபும் தானே எண்ணிக்கொண்டது. விக்கிரகம் செய்யாதே என்ற பகுதியை ஆங்கிலிக்கன் மரபு தனியாகப் பிரித்து இரண்டாம் கட்டளை ஆக்கியது. லுத்தரன் சபைக்குப் பெயர் தந்த ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரோ பழைய மேற்கத்தியத் திருச்சபையின் எண்ணிக்கையை அப்படியே வைத்துக்கொண்டார். அதன்படி அந்தப் பகுதி முதல் கட்டளைக்குள்ளேயே அடங்கிவிடும். கடைசியில் வரும் ‘இச்சியாதிருப்பாயாக’ இரண்டாகப் பிரிந்து கணக்கைப் பத்தாக்கிவிடும். லுத்தரன் ஆலயப் பீடங்களில் வெறும் சிலுவை மட்டுமல்லாமல் இயேசுவின் உருவத்தோடு கூடிய சிலுவையும் இருப்பதைப் பார்த்துச் சிலர், “இது கத்தோலிக்கக் கோயிலா?” என்று கேட்பதுண்டு. லுத்தர் சொரூபங்களை உடைக்கச் சொன்னவர் அல்ல. சுவிசேஷத்துக்கு எதிரானதை நீக்கு, மற்றதை இருக்க விடு என்பதுதான் அவர் போக்கு. இந்தச் சபையைப் புரிந்துகொள்ள அந்த ஒரு வழக்கம் நல்ல திறவுகோல். அது சபைக்கு எங்கே பலமானது, எங்கே பெரிய வழுக்கலானது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தரங்கம்பாடி ராஜ வீதியில் நடந்தால் புதிய எருசலேம் ஆலயம் கண்ணில் படும். முகப்பின் உச்சியில் ஒரு கிரீடம், அதன் கீழே பின்னிப் பிணைந்த எழுத்துகள், 1718 என்ற ஆண்டு. அந்த எழுத்துகள் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக்கின் பெயர்ச் சின்னம். வங்கக் கடலோரத்துத் தமிழ்ச் சபையின் முகப்பில் டேனிஷ் அரசருக்கு என்ன வேலை?

டேனியர்கள் தரங்கம்பாடிக்கு வந்தது 1620-இல், மிளகு வாங்க. தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். அடுத்த 80 ஆண்டுகளுக்கு மேல் அவர்களுடைய குருமார் அவர்களுக்கு மட்டும்தான் ஆராதனை நடத்தினார்கள். 1701-இல் கட்டிய சீயோன் ஆலயமும் ஐரோப்பியருக்கானதுதான். ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவர்களுடைய வணிகக் கம்பெனியிடமிருந்து வரவில்லை, அரசரிடமிருந்து வந்தது. டென்மார்க்கில் போவதற்கு ஆள் கிடைக்காமல் ஜெர்மனியில் தேடினார்கள். பர்த்தொலொமேயு சீகன்பால்க், ஹென்ரிக் புளூட்சோ என்ற இரண்டு இளைஞர்கள் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கினார்கள். சீகன்பால்குக்கு அப்போது ஏறக்குறைய 24 வயது.

இருவரும் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கேயின் செல்வாக்கில் இருந்தவர்கள். லுத்தரன் திருச்சபைக்குள்ளேயே எழுந்த ஒரு பக்தி இயக்கம் அது. உபதேசத்தைச் சரியாக ஒப்பித்தால் மட்டும் போதாது, மனம் திரும்ப வேண்டும், ஒவ்வொருவரும் தானே வேதத்தை வாசிக்க வேண்டும், அது நடத்தையில் தெரிய வேண்டும் என்பது அவர்களுடைய பிடிவாதம். ஹாலேயில் அநாதைப் பிள்ளைகள் இல்லமும் பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் மருந்துச்சாலையும் ஒரே வளாகத்தில் இருந்தன. தரங்கம்பாடி சபையின் வரலாற்றில் பள்ளி, அச்சு, மருந்து என்று ஒன்றன்பின் ஒன்றாக வருவதற்குக் காரணம் இதுதான். அவற்றை ‘சமூகத் தொண்டு’ என்று தனியாகப் பிரித்துப் பேசுவது பிற்காலத்து வழக்கம். தானே வாசிக்காதவனுக்கு விசுவாசம் எப்படி நிலைக்கும் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. வாசிக்க வேண்டும் என்றால் பள்ளி வேண்டும். பள்ளிக்குப் புத்தகம் வேண்டும். புத்தகத்துக்கு அச்சு வேண்டும். உபதேசமே ஒவ்வொன்றையும் இழுத்துக்கொண்டு வந்தது.

ஆனால் முதலில் தமிழ் வேண்டும். சீகன்பால்க் ஒரு வாத்தியாரைத் தம் வீட்டிலேயே திண்ணைப் பள்ளி நடத்தச் சொல்லி, சின்னப் பிள்ளைகளோடு தாமும் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்து எழுதிப் பழகினார். பேச்சு ஓரளவு வந்ததும் ஓலைச் சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். 1708-இல் அவர் தயாரித்த பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள் இருந்தன, ஒவ்வொன்றையும் பற்றி அவருடைய குறிப்போடு. தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, அவர்கள் எழுதிய பதில்களை மொழிபெயர்த்து ஹாலேவுக்கு அனுப்பினார்கள் அவரும் அவருக்குப் பின் வந்த குருண்ட்லரும். கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொண்ட ஐரோப்பியரின் நடத்தையைக் கண்டிக்கும் வரிகளும் அந்தப் பதில்களில் உண்டு. அவற்றை மறைக்காமல் அனுப்பியது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் ஒரு நூலே எழுதி முடித்தார். ஹாலே அதை அச்சிட மறுத்துவிட்டது. அது சென்னையில் அச்சேறியபோது ஆண்டு 1867.

அவர் ஊழியத்தின் முதல் பலன் யார் என்பதை அந்தச் சபையார் மறக்கக் கூடாது. 1707 மே 12 அன்று ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் டேனியர் வீடுகளில் இருந்த அடிமைகள். அடுத்த மூன்று மாதத்தில், ஆகஸ்ட் 14 அன்று, கடற்கரை அருகே ஒரு சிறிய ஆலயம் பிரதிஷ்டை ஆனது. டேனியத் தளபதி ஹாசியஸுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. 1708 நவம்பரில் சீகன்பால்கைப் பிடித்துக் கோட்டைக்குள் நான்கு மாதம் அடைத்து வைத்தார். அரசர் அனுப்பிய ஆள், அரசருடைய கோட்டையிலேயே கைதி.

சிறையிலிருந்து வந்த சில ஆண்டுகளில் அச்சு இயந்திரம் வந்தது. அது லண்டனிலிருந்து வந்த கதையே தனி. இங்கிலாந்தில் கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் ஒரு இயந்திரத்தையும் அச்சிட ஒரு ஆளையும் கப்பலேற்றியது. வழியில் பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். ஆள் வழியிலேயே இறந்தார். இயந்திரம் மட்டும் எப்படியோ வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துகளை ஹாலேயில் வார்த்து அனுப்பினார்கள். அவை பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், தரங்கம்பாடியிலேயே சிறியதாக வார்த்துக்கொண்டார்கள். பொறையாற்றில் காகிதப் பட்டறையும் போட்டார்கள்.

1714-இல் வெளிவந்தது ‘அஞ்சு வேத பொஸ்தகம்’. நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் சேர்ந்து ஐந்து. அந்தத் தலைப்பை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘ஐந்து’ இல்லை, ‘அஞ்சு’. ‘புத்தகம்’ இல்லை, ‘பொஸ்தகம்’. தெருவில் பேசுகிற தமிழை அப்படியே அச்சில் ஏற்றிவிட்டார்கள். எழுத்துகளின் தலையில் புள்ளி கூடக் கிடையாது. அடுத்த ஆண்டு, 1715-இல், புதிய ஏற்பாடு முழுவதும் வந்துவிட்டது. இந்திய மொழி ஒன்றில் முழுப் புதிய ஏற்பாடு அச்சானது அதுவே முதல் முறை.

இந்தத் தமிழைப் படித்துக் கடுமையாகச் சாடியவர் வீரமாமுனிவர். கத்தோலிக்கத் துறவியான அவர், ‘லுத்தேரினத்தியல்பு’ என்றே ஒரு நூல் எழுதி இந்தச் சபையின் உபதேசத்தை மறுத்தார். ‘வேத விளக்க’த்தில் மொழிபெயர்ப்பையும் விட்டுவைக்கவில்லை. தமிழ் நடையைப் பொறுத்தவரை அவர் பக்கம் நியாயம் இருந்தது, தேம்பாவணி எழுதிய கைக்கு அந்த உரைநடை கரடுமுரடாகத்தான் பட்டிருக்கும். ஆனால் இரண்டு பக்கத்தின் நோக்கமும் வேறு. அவர் புலவருக்கும் சேர்த்து எழுதினார். இவர்கள் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவனுக்காக எழுதினார்கள். ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: சீகன்பால்க் தமிழ்க் கிறிஸ்தவச் சொற்களை ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்கவில்லை. 1578-இலேயே ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டவர்கள் கத்தோலிக்கர்கள். அவர்கள் பழக்கி வைத்திருந்த சொற்களில் பலவற்றை இவர் எடுத்துக்கொண்டார்.

கடவுளைக் குறிக்கும் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சீகன்பால்க் கத்தோலிக்கர் வழக்கப்படி ‘சர்வேசுரன்’ என்று எழுதினார். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை வேப்பேரியில் இருந்து மொழிபெயர்த்த லுத்தரன் மிஷனரி பெப்ரீஷியஸ் ‘பராபரன்’ என்றார். 1871-இல் வந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்றது. லுத்தரன் சபையார் அந்தப் புதிய மொழிபெயர்ப்பை உடனே ஏற்கவில்லை. பெப்ரீஷியஸ் ஐயர் வேதத்தையே நெடுங்காலம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெளியில் இருந்து பார்த்தால் பழமைவாதம் போலத் தெரியும். பாட்டி காலத்திலிருந்து ஜெபித்த சொல்லை ஒரு குழு கூடி மாற்றச் சொன்னால் யாருக்குத்தான் மனம் வரும்? பெப்ரீஷியஸ் ஜெர்மன் பாடல்களையும் அந்த மெட்டுக்கே பொருந்தும்படி தமிழில் தந்தார். அவைதான் ‘ஞானப்பாட்டுகள்’. தமிழ் இராகத்தில் கீர்த்தனை பாடும் வழக்கத்தைப் பெரிதாக வளர்த்தவர், மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். இன்றைக்கும் ஒரே ஆராதனையில் ஜெர்மன் மெட்டும் தமிழ் இராகமும் அடுத்தடுத்து வரும். யாருக்கும் அது வித்தியாசமாகப் படுவதில்லை.

சரி, இந்தச் சபை எதைத்தான் நம்புகிறது? சுருக்கமான விடை லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தில் இருக்கிறது. பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், திருவிருந்து. ஒவ்வொன்றையும் சொன்னதும் அதன் அர்த்தம் என்ன என்று கேள்வி வரும். கட்டளைகளுக்கான எல்லா விடைகளும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: நாம் தேவனுக்குப் பயந்து அவரில் அன்புகூர வேண்டும். பிறகுதான் இதைச் செய்யாதே, அதைச் செய் என்பதெல்லாம். ஐந்தாம் கட்டளைக்கான விடையில் பிறரைக் கொல்லாமல் இருப்பது பாதிதான். அவனுக்கு உடல் சார்ந்த எல்லாத் தேவையிலும் உதவி செய்வது மறுபாதி. பட்டினி கிடக்கிறவனைப் பார்த்துவிட்டுப் போனால் நான் ஐந்தாம் கட்டளையை மீறியவன். திடப்படுத்தல் வகுப்பில், அதாவது முதல் திருவிருந்துக்கு ஆயத்தமாகும் வகுப்பில், இதை மனப்பாடமாக ஒப்பித்தபோது எனக்கு உறைக்கவில்லை. உறைக்கப் பல வருடம் ஆயிற்று.

இதற்கு அடியில் இருக்கும் உபதேசம், மனிதன் தன் புண்ணியத்தால் அல்ல, கிருபையினாலே, விசுவாசத்தின் மூலம் நீதிமானாக்கப்படுகிறான் என்பது. 1530-இல் எழுதப்பட்ட ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் நடுநாயகமே அதுதான். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும் இதிலிருந்துதான் வருகிறது. ஒன்றும் செய்யத் தெரியாத பச்சைக் குழந்தை பெறுவதுதான் கிருபைக்குச் சரியான படம் என்பார்கள். முழுக்கு ஞானஸ்நான சபைகளோடு வாக்குவாதம் வரும்போதெல்லாம் லுத்தரன்காரர் போய் நிற்கும் இடம் இதுவே.

திருவிருந்தில் அப்பமும் இரசமும் அப்படியே சரீரமும் இரத்தமுமாக மாறிவிடுகின்றன என்று கத்தோலிக்கர் சொல்வதை இவர்கள் ஏற்பதில்லை. அவை வெறும் ஞாபகக் குறி என்பதையும் ஏற்பதில்லை. அப்பத்திலும் இரசத்திலும், அவற்றோடும் அவற்றின் கீழும், கிறிஸ்து மெய்யாகவே இருக்கிறார். எப்படி என்று விளக்க மாட்டார்கள், அவர் சொன்னார் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். 1947-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் உள்ளிட்ட சபைகள் சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆனபோது லுத்தரன்கள் சேரவில்லை. பிறகு பேச்சுவார்த்தை நடந்தும் இணைப்பு வரவில்லை. பேச்சில் முக்கிய இடம் பிடித்தவற்றில் திருவிருந்தும் ஒன்று.

அந்தத் திருவிருந்தில்தான் சபையின் பெரிய காயமும் இருக்கிறது. முகப்பில் 1718 என்று எழுதிய ஆலயம் சிலுவை வடிவில் கட்டப்பட்டது. முதல் ஆலயத்தில் இடம் போதவில்லை, கடலும் அதை அரித்துவிட்டது. சற்றுத் தள்ளியிருக்கும் மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைத் தின்றதும் அதே கடல்தான். புதிய ஆலயத்துக்குள்ளே சபையார் ஒன்றாக உட்காரவில்லை. மேல்சாதியார் பாயில் ஒரு பக்கம், பறையர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் இடைவெளி விட்டு வெறுந்தரையில் இன்னொரு பக்கம். திருவிருந்துக்கு யார் முதலில் வருவது என்பதிலும் அதே வரிசை. ‘மற்றதை இருக்க விடு’ என்ற அந்தப் போக்கு சாதியையும் இருக்க விட்டது. இது உலக வழக்கம், விசுவாசத்தைத் தொடாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

தொட்டது. 1733-இல் தமிழர் ஒருவருக்குக் குருப்பட்டம் கொடுக்க முடிவானது. தகுதியுள்ளவர்களில் ஒருவர் இராசநாயக்கன். தஞ்சை அரசர் படையில் இருந்த கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புத்தகம் கையில் கிடைத்து, அதை வாசித்தே இந்தச் சபைக்கு வந்தவர். அதாவது சீகன்பால்க் என்ன நினைத்து அச்சடித்தாரோ அதற்கு உயிருள்ள சாட்சி. ஆனால் பிறப்பால் அவர் பறையர். அவர் கையால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்ற பயத்தில் அவரை விட்டுவிட்டார்கள். 1733 டிசம்பர் 28 அன்று பட்டம் பெற்றவர் கடலூரைச் சேர்ந்த வேளாளரான ஆரோன். புராட்டஸ்டண்ட் சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர். ஆரோன் ஐயர் 1745-இல் இறக்கும்வரை ஊர் ஊராக நடந்து நன்றாகவே உழைத்தார். குறை அவருடையதல்ல. ஆனால் அவர் பெயரைச் சொல்லிக் கொண்டாடும் ஒவ்வொரு முறையும் இராசநாயக்கன் பெயரையும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். அவர் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. உபதேசியாராகவே தொடர்ந்து ஊழியம் செய்தார்.

அடுத்த நூற்றாண்டில் இது வெடித்தது. 1833-இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி அறவே கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையிலும் சென்னையிலும் மேல்சாதிச் சபையார் பலர் முரண்டு பிடித்தார்கள். 1840-களில் தரங்கம்பாடி ஊழியத்தை ஜெர்மனியின் லுத்தரன் மிஷனான லைப்சிக் மிஷன் ஏற்றபோது அவர்களில் பலர் அதனிடம் வந்து சேர்ந்தார்கள். அந்த மிஷனின் தலைவர் கார்ல் கிரவுல் தமிழ்நாட்டுக்கு வந்து தமிழ் கற்றவர், திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்தவர். சாதியைக் கட்டளை போட்டு ஒழிக்க முடியாது, உள்ளிருந்து மெல்ல மாற வேண்டும் என்பது அவர் வாதம். தமிழ்ச் சமூகத்தை வில்சனைவிட அவர் நன்றாக அறிந்தவர் என்பதில் சந்தேகமில்லை. இருந்தாலும் இந்த விஷயத்தில் வில்சன்தான் சரி. மெல்ல மாறட்டும் என்று சொன்னவர் பாயில் உட்கார்ந்திருந்தவர்களிடம் பேசினார், தரையில் இருந்தவர்கள் எவ்வளவு காலம் காத்திருப்பது என்பதற்கு அந்த வாதத்தில் விடை இல்லை. இதே காரணத்தால் லைப்சிக் மிஷனரி கார்ல் ஓக்ஸ் வெளியேறி, டேனிஷ் மிஷனோடு சேர்ந்து தென்னார்க்காட்டில் வேலை தொடங்கினார். இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை அதிலிருந்து வளர்ந்தது.

இதற்கிடையே 1845-இல் டேனியர்கள் தரங்கம்பாடியைச் செராம்பூரோடு சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். முதல் உலகப்போரில் ஜெர்மானிய மிஷனரிகளும் போக வேண்டியதாயிற்று. சுவீடன் சபையார் கைகொடுத்தார்கள். 1919 ஜனவரி 14 அன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. சபையார் வாயில் ‘தசுலுதி’. 1921-இல் சுவீடன்காரரான எர்னஸ்ட் ஹூமன் முதல் பேராயரானார். பேராயர் இருப்பது திருச்சிராப்பள்ளியில், பட்டம் மட்டும் ‘தரங்கைப் பேராயர்’. அந்தப் பட்டத்தில் முதல் தமிழராக இராஜா மாணிக்கம் அமர்ந்தது 1956-இல், ஆரோன் குருவாகி 223 ஆண்டுகளுக்குப் பிறகு.

ஆலயப் பிரதிஷ்டை 1718 அக்டோபர் 11. சீகன்பால்க் இறந்தது 1719 பிப்ரவரி 23. தாம் கட்டிய ஆலயத்தில் அவர் ஊழியம் செய்தது நான்கரை மாதம்கூட இல்லை. வயது 36. அவரையும், அடுத்த ஆண்டு இறந்த குருண்ட்லரையும் பீடத்துக்கு முன்னால்தான் அடக்கம் செய்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் பாயிலிருந்தவர் முதலிலும் தரையிலிருந்தவர் பிறகுமாகத் திருவிருந்துக்குப் போனதும் அந்தப் பீடத்துக்குத்தான். இன்று பீடத்தை நோக்கிப் போகிறவர்களும் அந்தக் கல்லறைகளைத் தாண்டித்தான் போகிறார்கள்.